இரண்டு மீட்டருக்கு அப்பால்

வைட்ஃபீல்டிலிருந்து வர்த்தூர் போகும் சாலையில், ராமகொண்டனஹள்ளியில், ஜாக்ரிதி என்றொரு நாடக அரங்கம் இருக்கிறது. நாடகக் கலைஞர்களான அருந்ததி ராஜாவும் ஜகதீஷ் ராஜாவும் 2011-ல் திறந்தார்கள். சுமார் 200 இருக்கைகள். மேடை பின்சுவரோடு ஒதுங்கிவிடாமல் பார்வையாளர் பக்கமாக நீண்டு வரும். அதன் மூன்று புறமும் ஆட்கள் உட்காருவார்கள். நாடகத்துக்கென்றே கட்டியது என்றாலும் இசை நிகழ்ச்சிகளும் நடப்பதுண்டு. 1880-களில் மைசூர் மகாராஜா கொடுத்த நிலத்தில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் குடியேறி உண்டான கிராமம் வைட்ஃபீல்ட். இன்று அங்கே மென்பொருள் வளாகங்களும் தண்ணீர் லாரிகளும்தான். மெட்ரோ வந்த பிறகும் மாலை ஏழு மணிக்கு அந்தச் சாலையில் ஹாரன் ஓயாது. இவ்வளவையும் வெளியே நிறுத்தி வைப்பதுதான் அங்கே ஓர் அரங்கத்தின் முதல் வேலை.

இந்த அளவுள்ள அரங்கில் நான்கு பேர் மைக் இல்லாமல் வாசிப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. மேற்கத்திய இசையில் இதைச் சேம்பர் இசை என்பார்கள். ஒரு பாகத்துக்கு ஓர் ஆள், நடத்துநர் கிடையாது. 18-ஆம் நூற்றாண்டில் ஹைடன் இந்த நால்வர் அமைப்புக்கு எழுதிக் குவித்தபோது அவர் மனத்தில் இருந்தவை பிரபுக்களின் வீட்டுக் கூடங்கள். வியன்னாவில் ஷுப்பான்ட்ஸிக் என்ற வயலின் கலைஞர் பொதுமக்களுக்கென்று நால்வர் கச்சேரித் தொடர் ஒன்றைத் தொடங்கியது 1804-ஐ ஒட்டித்தான். அதற்கு முன் இந்த இசையைக் கேட்டவர்கள் பெரும்பாலும் அதை வாசித்தவர்களும் அவர்களுடைய விருந்தாளிகளும்.

முதலில் ஒரு கணக்கு. வயலினை அழுத்தமாகவே வாசித்தாலும் அது காற்றுக்குக் கொடுக்கும் ஒலித்திறன் ஒரு வாட்டில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. உங்கள் கைபேசி சார்ஜர் 20 வாட் இருக்கலாம். நான்கு கருவிகளும் சேர்ந்து முழு மூச்சாக உழைத்தால், சில சார்ஜர்களில் மினுக்கும் சின்ன விளக்கை எரியவைக்கலாம், அவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு 200 பேரை ஒன்றரை மணி நேரம் கட்டிப்போடுகிறார்கள். அது முடிவதற்கு ஒரு காரணம் நம் காது. நமக்குக் கேட்கும் மிகச் சன்னமான ஒலிக்கும், காதை வலிக்கச் செய்யும் ஒலிக்கும் இடையே உள்ள ஆற்றல் விகிதம் ஒன்றுக்கு ஒரு லட்சம் கோடி. இன்னொரு காரணம் அறை. கச்சேரி விமர்சனம் எழுதுபவர்கள் கலைஞரின் பெயரை எழுதுவார்கள், ராகத்தை எழுதுவார்கள், கேன்டீன் காபியைக்கூட எழுதுவார்கள். அறையை எழுதுவது அபூர்வம். இந்த அத்தியாயம் பெரும்பாலும் அறையைப் பற்றியதுதான். ஆனாலும் வில்லில் தொடங்கித்தான் அங்கே போக வேண்டும்.

வில் உரசும்போது தந்தி என்ன செய்கிறது? கண்ணுக்குத் தெரிவது நடுவில் அகன்று மங்கிய ஒரு பட்டை. தந்தி மெத்தென்று வளைந்து இப்படியும் அப்படியும் ஆடுகிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். 1860-களில் ஜெர்மானிய அறிவியலாளர் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தந்தியில் ஒரு மாவுத் துகளை ஒட்டி, அதிரும் நுண்ணோக்கி வழியாக அதைப் பார்த்தார். ஆட்டத்தில் வளைவே இல்லை. எந்தக் கணத்தில் பிடித்து நிறுத்தினாலும் தந்தி இரண்டு நேர்கோடுகள்தான்; அவை சந்திக்கும் இடத்தில் ஒரு கூர்முனை. அந்த முனை தந்தியின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஓடித் திரும்பிக்கொண்டே இருக்கிறது. நாம் பார்க்கும் மங்கிய பட்டை, அந்த ஓட்டத்தின் எல்லைக்கோடு. ரோஸின் தடவிய குதிரைமயிர் தந்தியைப் பற்றித் தன்னோடு இழுத்துப் போகும். முனை வந்து உலுக்கியதும் தந்தி வழுக்கிப் பின்னால் ஓடும். மறுபடி மயிர் பற்றும். 440 ஹெர்ட்ஸ் சுரம் என்றால் நொடிக்கு 440 தடவை இந்தப் பற்றலும் வழுக்கலும் நடந்தாக வேண்டும், ஒன்றுகூடத் தவறாமல். புதிதாகக் கற்பவர் வீட்டில் கேட்கும் கிறீச்சொலி, அந்த ஒழுங்கு இன்னும் பிடிபடாததன் ஒலி.

ஹெல்ம்ஹோல்ட்ஸ் விட்ட இடத்திலிருந்து இதைத் தொடர்ந்தவர்களில் முதன்மையானவர் நம் ஊர்க்காரர். 1888-ல் திருவானைக்காவலில் பிறந்த சி. வி. ராமன். ஒளிச்சிதறலுக்கு நோபல் பரிசு வாங்கியவர் என்றுதான் பாடப்புத்தகம் சொல்கிறது. அதற்குப் பத்து வருஷம் முன்னால் அவர் முதன்மையாக ஒலியியல்காரர். அவர் அப்பா சந்திரசேகர ஐயர் வயலின் வாசிப்பவர். மனைவி லோகசுந்தரி வீணை. கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரியாக இருந்த காலத்தில், அலுவலகம் முடிந்ததும் பவ்பஜாரில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்துக்குப் போய்த் தந்திகளை ஆராய்ந்தார். 1918-ல் வெளிவந்த அவருடைய நீண்ட ஆய்வேடு, வில்லால் இழுத்த தந்தி எத்தனை வகையில் அதிரலாம், அவற்றில் எது எப்போது வரும் என்று கணித்துச் சோதித்தும் காட்டியது. மனிதக் கை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இழுக்காது என்பதால், ஒரே வேகத்தில், அளந்த அழுத்தத்தில் வயலின் வாசிக்கும் இயந்திரம் ஒன்றைச் செய்து, 1920-ல் அதைப் பற்றி எழுதினார். குதிரை என்பது தந்திகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டு; வில் அதற்கு அருகே போகப் போக அழுத்தம் எவ்வளவு கூட வேண்டும் என்பது அப்படித்தான் எண்ணாக வந்தது. வயலின் ஆசிரியர்கள் நூற்றாண்டுகளாக மாணவர் மணிக்கட்டைத் தட்டிச் சொல்லிக்கொடுத்த விஷயம்தான். 1927-ல் ஜெர்மனியில் வெளிவந்த மாபெரும் இயற்பியல் கையேட்டில் இசைக்கருவிகள் பற்றிய அத்தியாயத்தை எழுதியவரும் ராமன்தான்.

செல்லோக்காரரின் கருவியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். குதிரைக்குக் கீழே, வால்பலகைக்குப் போகும் தந்தி ஒன்றில் விரல்கணு அளவுக்கு ஓர் உலோகக் குழாய் மாட்டியிருக்கலாம். அலங்காரமில்லை. செல்லோவில் ஒரு குறிப்பிட்ட சுரத்தைத் தொட்டால் நாதம் நிலைக்காமல் விக்கி விக்கி உறுமும். வாசிப்பவர்கள் அதை ஓநாய் சுரம் என்பார்கள். அந்தச் சுரத்தின் அதிர்வெண்ணும் மரக்கூட்டின் இயல்பான அதிர்வெண்ணும் ஒன்றின் மேல் ஒன்று விழுவதால் தந்தியின் ஆற்றலைக் கூடு பிடுங்கிக்கொள்கிறது. வில் அதைத் திரும்பக் கட்டியெழுப்புகிறது. மறுபடி கூடு பிடுங்குகிறது. 1916-ல் ராமன் தந்தியின் அதிர்வையும் கூட்டின் அதிர்வையும் ஒரே நேரத்தில் படம் பிடித்து இந்த இழுபறியைக் காட்டினார். அந்தச் சின்னக் குழாய் ஓநாயைச் சாந்தப்படுத்துவதற்காக மாட்டியது.

தந்தியால் தனியாகக் காற்றை அசைக்க முடியாது, அவ்வளவு மெல்லிசு. அதிர்வைக் குதிரை வாங்கிக் கூட்டுக்குக் கொடுக்கிறது. கூட்டின் மேல் பலகையும் கீழ்ப்பலகையும் உள்ளே அடைபட்ட காற்றும்தான் உண்மையில் பாடுகின்றன. வயலினின் உள்காற்று 270, 280 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒத்ததிர்கிறது. கீழ்ச் சுரங்களின் கனம் அதனால் வருகிறது. வியோலாவின் கதை பரிதாபம். வயலினைவிட ஐந்து சுரம் கீழே பாட வேண்டிய கருவி அது. அதற்கேற்ப உடல் ஒன்றரை மடங்கு இருந்திருக்க வேண்டும். அப்படிச் செய்தால் தோளில் வைத்து வாசிக்க முடியாது. அதனால் வயலினைவிட ஆறில் ஒரு பங்கு மட்டுமே பெரிதாகச் செய்து நிறுத்திவிட்டார்கள். அந்த மூக்கடைத்த குரல் இந்தச் சமரசத்தில் வந்தது. எனக்கு நான்கில் அதுதான் பிடிக்கும்.

கூட்டைப் பற்றி இன்னொன்று, இது பின்னால் வேண்டியிருக்கும். சுமார் 1000 ஹெர்ட்ஸுக்கு மேலே வயலின் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் ஒலிப்பதில்லை. ஒரு சுரத்தை இடப்பக்கம் வீசும். அரைச்சுரம் தள்ளினால் அது கூரைப் பக்கம் போகும். 1997-ல் கேப்ரியல் வைன்ரைக் என்ற இயற்பியலாளர் இதற்குத் திசைசார் ஒலிநிறம் என்று பெயர் வைத்தார். ஒரு வேகமான சங்கதியில் ஒவ்வொரு சுரமும் வெவ்வேறு சுவரைத் தட்டிவிட்டு நம்மிடம் வருகிறது. ஒலிபெருக்கி இப்படிச் செய்யாது. எந்தச் சுரத்தைக் கொடுத்தாலும் முகம் பார்த்த திசையில்தான் தள்ளும். மைக் வைத்த வயலினும் வைக்காத வயலினும் வேறு வேறாகத் தோன்றுவது ரசிகரின் பிரமை இல்லை என்பதற்கு இது ஒரு சான்று.

இனி அறை. 1895-ல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை அறையில் பேராசிரியர்கள் பேசியது யாருக்கும் புரியவில்லை. சொன்ன சொல் ஐந்தரை நொடி அறைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குள் பேசுபவர் அடுத்த வாக்கியத்தில் பாதியைக் கடந்திருப்பார். வாலஸ் சபீன் என்ற இளம் உதவிப் பேராசிரியரிடம் இதைச் சரிசெய்யச் சொன்னார்கள். அவரிடம் மைக் இல்லை, அளவுமானி இல்லை. ஓர் ஆர்கன் குழல், ஒரு நிறுத்தக் கடிகாரம், தன் காது. ஊர் அடங்கிய நடுநிசிக்குப் பிறகு வேலை. பக்கத்து சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை உதவியாளர்களோடு தூக்கி வந்து அறையில் பரப்புவார். குழலை ஊதி நிறுத்துவார். ஒலி காதுக்கு எட்டாமல் போகும் வரை நொடிகளை எண்ணுவார். விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பிக் கொண்டுபோய் வைப்பார். இடையில் அளவுகள் முரண்டு பிடித்தன. காரணம், தான் போட்டிருந்த உடையும் ஒலியை உறிஞ்சுகிறது என்று கண்டுபிடித்து, அதுவரை எடுத்த ஒரு தொகுதி அளவுகளைத் தூக்கி எறிந்துவிட்டு, அதன் பிறகு ஒரே உடுப்பில் வேலை செய்தார்.

1898-ல் அவருக்குச் சூத்திரம் கிடைத்தது. ஒலியின் வலு 60 டெசிபெல் விழ, அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்காக, எடுக்கும் நேரத்தை எதிர்முழக்க நேரம் என்கிறோம். அறையின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, அறையிலுள்ள மொத்த உறிஞ்சலால் வகுத்தால் அந்த நேரம் வரும். சூத்திரம் இவ்வளவுதான். 1900-ல் திறந்த பாஸ்டன் சிம்ஃபனி அரங்கு இந்தக் கணக்கைக் கொண்டு கட்டிய முதல் இசையரங்கு. இன்றும் உலகின் மிகச் சிறந்தவற்றில் ஒன்றாகப் பேசப்படுகிறது.

ஒரு கற்பனை அரங்கில் இதைப் போட்டுப் பார்ப்போம். நீளம் 15 மீட்டர், அகலம் 12, உயரம் 6. கன அளவு 1080. காலியாக, கடினமான இருக்கைகளோடு இருக்கும்போது மொத்த உறிஞ்சல் 100 சதுர மீட்டர் என்று கொள்வோம். எதிர்முழக்கம் 1.7 நொடி. இப்போது 200 பேர் வந்து உட்காருகிறார்கள். ஓர் ஆள் சராசரியாக 0.45 சதுர மீட்டர் திறந்த ஜன்னல் அளவுக்கு ஒலியை விழுங்குகிறார். மொத்தம் 90 சதுர மீட்டர். எதிர்முழக்கம் 0.9 நொடிக்கு இறங்கிவிடுகிறது. மாலையில் ஒத்திகை பார்த்தபோது மினுமினுத்த நாதம் கச்சேரியில் வறண்டு போனால், அது ரசிகர்களின் உடம்பும் உடுப்பும் செய்த வேலை. நல்ல மெத்தை இருக்கை போடுவதற்கு இடுப்பு வலி மட்டும் காரணமில்லை. காலி மெத்தையும் ஓர் ஆள் அளவுக்கு ஒலியைக் குடிக்கும் என்பதால் கூட்டம் குறைந்தாலும் நாதம் பெரிதாக மாறாது. டிக்கெட் விற்காத நாளில் கலைஞருக்குக் கிடைக்கும் சின்ன ஆறுதல் அது.

எவ்வளவு முழக்கம் நல்லது? நாடக வசனத்துக்கு ஒரு நொடிக்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மெய்யெழுத்துகள் ஒன்றையொன்று மூடிவிடும். பெரிய ஆர்கெஸ்ட்ராவுக்கு இரண்டு நொடி பக்கம். நால்வர் இசைக்கு இரண்டுக்கும் நடுவில். லண்டனின் விக்மோர் அரங்கு, 1901-ல் திறந்தது, சுமார் 550 இருக்கை, ஒன்றரை நொடி. இதிலிருந்து ஒன்று தெரிகிறது. நாடகத்துக்குக் கட்டிய அரங்கு சேம்பர் இசைக்குக் கொஞ்சம் வறட்சியாகத்தான் இருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் நால்வர் வாசிக்கும்போது மன்னிப்பே கிடையாது. ஒரு வில் திரும்பும் நொடிகூட வெளியே தெரியும். நான் இதைக் குறையாக எண்ணவில்லை. நான்கு பாகமும் தனித்தனியாகக் காதில் விழுகிறது. பதினைந்து நிமிஷத்தில் வியோலா யார் பக்கம் பேசுகிறது என்று பின்தொடரப் பழகிவிடலாம். கோயில் மண்டபம் போன்ற முழக்கத்தில் அது நடக்காது.

இப்போது பலருக்கும் நம்பக் கடினமாக இருக்கும் எண். மேலே சொன்ன கற்பனை அரங்கில், வயலினிலிருந்து நேராக வரும் ஒலியும், சுவர், கூரை, தரை எல்லாம் திருப்பி அனுப்பும் ஒலியும் சம அளவாக இருக்கும் தூரம் எவ்வளவு? சுமார் 2 மீட்டர். அதைத் தாண்டி உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும், அதாவது முதல் வரிசையில் சிலரைத் தவிர்த்து அரங்கம் முழுவதற்கும், வந்து சேரும் ஒலி ஆற்றலில் பெரும்பங்கு சுவர்களிடமிருந்து வருகிறது.

அப்படியானால் வயலின் மேடையில் இருக்கிறது என்று நமக்கு எப்படித் தெரிகிறது? ஒலி நான்கு திசையிலிருந்தும் அல்லவா வருகிறது? 1949-ல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஹெல்முட் ஹாஸ் என்பவர் இதை ஆராய்ந்தார். முதலில் வந்த ஒலியின் திசையைத்தான் மூளை எடுத்துக்கொள்கிறது. அதற்குப் பின் சுமார் 30 மில்லி நொடிக்குள் வந்து சேரும் பிரதிபலிப்புகளைத் தனி ஒலியாகக் கேட்பதில்லை. முதல் ஒலியோடு சேர்த்து அதற்கு வலுவாகக் கணக்கு வைத்துக்கொள்கிறது. பிரதிபலிப்பு நேர் ஒலியைவிட 10 டெசிபெல் வலுவாக இருந்தாலும் திசை முதல் ஒலிக்கே. ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகிறது. (பெங்களூர் 900 மீட்டர் உயரத்தில் இருந்தாலும் இது மாறாது, வேகத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை, காற்றழுத்தம் அல்ல.) நீங்கள் வயலினிலிருந்து 6 மீட்டரில் இருந்தால் நேர் ஒலி 17 மில்லி நொடியில் வரும். பக்கச் சுவரைத் தொட்டு 11 மீட்டர் சுற்றி வருவது 32-ல். வித்தியாசம் 15, மூளை இரண்டையும் ஒன்றாக்கிவிடும். சின்ன அரங்கில் முதல் பிரதிபலிப்புகள் எல்லாமே இந்தச் சாளரத்துக்குள் வந்துவிடுகின்றன. ஈராயிரம் பேர் அரங்கின் நடுவில் உட்கார்ந்தால் பக்கச் சுவர் அவ்வளவு தூரத்தில் இருக்கிறது. முதல் பிரதிபலிப்பு வருவதற்குள் சாளரம் மூடப் பார்க்கும். 1962-ல் லியோ பெரானெக் உலகின் புகழ்பெற்ற அரங்குகளை ஒப்பிட்டு எழுதிய நூலில், ஓர் அரங்கு நமக்கு நெருக்கமாகத் தோன்றுவதற்கு இந்த முதல் இடைவெளிதான் காரணம் என்றார். மனசுக்கு நெருக்கம் என்று நாம் சொல்லும் உணர்வில் கணிசமான பங்கு இருபது சொச்சம் மில்லி நொடி.

மேடையில் இருக்கும் நால்வருக்கும் இந்த மில்லி நொடிகள் உயிர்நாடி. இரண்டு மீட்டர் இடைவெளியில் உட்கார்ந்தால் ஒருவரின் ஒலி மற்றவரை அடைய 6 மில்லி நொடி. ஆர்கெஸ்ட்ராவில் ஒரு கோடிக்கும் மறுகோடிக்கும் 15 மீட்டர் என்றால் 44. காதை நம்பி வாசித்தால் பின்தங்கிவிடுவார்கள், அதனால் குச்சியோடு ஒருவர் நிற்கிறார். ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ் சேஃபும் உடனிருந்தவர்களும் இரண்டு பேரைத் தனித்தனி அறைகளில் வைத்து, இடையில் தாமதத்தைக் கூட்டிக் குறைத்துக் கைதட்ட வைத்தார்கள். தாமதம் சுமார் 10 மில்லி நொடிக்கு மேல் போகப் போகத் தட்டல் மெதுவாகிக்கொண்டே வந்தது. அதற்குக் குறைவாக இருந்தபோது வேகம் பிடித்தது. கொரோனா காலத்தில் வீடியோ அழைப்பில் சேர்ந்து பாட முயன்ற எல்லோரும் இந்தச் சோதனையை அறியாமலே செய்து பார்த்தவர்கள்தான். வைட்ஃபீல்ட் முழுக்க அலைவரிசை அகலம் தெரிந்த பொறியாளர்கள். தாமதம் என்ற இன்னொரு எண் இருப்பது அன்றைக்குத்தான் பலர் வீட்டு மாமிகளுக்கும் விளங்கியது.

2014-ல் ஆலன் விங்கும் சக ஆய்வாளர்களும் இரண்டு தொழில்முறை நால்வர் குழுக்களை ஹைடனின் ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லி, சுரத்துக்குச் சுரம் யார் யாரைப் பார்த்துத் தன் காலத்தைத் திருத்துகிறார்கள் என்று அளந்தார்கள். ஒரு குழுவில் மற்ற மூவரும் முதல் வயலினுக்கு ஏற்பத் திருத்திக்கொண்டார்கள். முதல் வயலின் அவர்களுக்காக அவ்வளவாக வளைந்து கொடுக்கவில்லை. இன்னொரு குழுவில் நால்வரும் ஏறக்குறைய சமமாகத் திருத்திக்கொண்டார்கள். குடும்பத்தில் யார் பேச்சு எடுபடுகிறது என்பதை மில்லி நொடியில் அளந்தது போலத்தான்.

நம் பக்கத்தில் இதற்கு நேரான வழக்கம் இல்லையா? உண்டு, நன்றாகவே உண்டு. சென்னை ஜார்ஜ் டவுனில் வீணை தனம்மாள் (1867–1938) வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசிப்பார். வித்வான்கள் உட்பட ஒரு சின்னக் கூட்டம் கூடி மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கும். வீணையின் ஒலி வயலினைவிடவும் சன்னம். ஒரு முறை மீட்டினால் வில் மாதிரி ஆற்றலை ஊட்டிக்கொண்டிருக்க வழியில்லை, தேய்ந்துகொண்டே போகும். ஆனால் கமகம் முழுவதும் அந்தத் தேய்வுக்குள்தான் நடக்கிறது: மீட்டிய பிறகு தந்தியை இழுத்து இழுத்து ஒரே மீட்டில் பல சுரங்களைத் தொடுவது. நாதம் நொடிக்கு 10 டெசிபெல் வீதம் தேய்வதாக வைத்துக்கொண்டால், அறையின் இரைச்சலை 20 டெசிபெல் குறைத்தால் ரசிகருக்கு இரண்டு நொடி கூடுதல் கமகம் கேட்கும். அந்த வீட்டில் கூட்டம் காத்த அமைதிக்கு மரியாதை ஒரு காரணம் என்றால் இது இன்னொரு காரணம். இன்றைய அரங்கில் குளிர்சாதனத்தின் உறுமலை அடக்கச் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயும் இந்த இரண்டு நொடியை வாங்கத்தான்.

நம் கருவிகளின் நுணுக்கத்துக்கும் ராமனே சாட்சி. தம்புரா தந்தியை ஓரிடத்தில் மீட்டினால், அந்த இடத்தில் அசைவே இல்லாத மேற்சுரங்கள் ஒலிக்கக் கூடாது என்பது பழைய விதி. தம்புராவில் அவையும் ஒலிக்கின்றன என்று 1921-ல் எழுதினார். அகன்ற குதிரையும் அதன் மேல் தந்திக்கடியில் செருகும் ஜீவா நூலும் செய்யும் மாயம் அது. ஒரே தந்தி மேற்சுரங்களைக் கொத்தாக அள்ளி வீசுகிறது; ஆனால் மெல்லமாக, பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும். மிருதங்கத்தில் இன்னும் விசேஷம். வெறும் தோலைத் தட்டினால் வரும் மேற்சுரங்கள் அடிச்சுரத்தின் 1.59, 2.14, 2.30 மடங்கு என்று எதற்கும் ஒட்டாமல் சிதறும். அதனால் சாதாரணப் பறையில் சுருதி நிற்காது. வலந்தலையின் நடுவில் அப்பிய கறுப்புக் கரணை அந்தச் சிதறலை இழுத்துக் கட்டுகிறது. 1933-ல் பெங்களூருக்கு வந்து இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநரான ராமன், அடுத்த வருஷம் தான் தொடங்கிய அறிவியல் அகாடமியின் சஞ்சிகையில், முதல் தொகுதியிலேயே, இதை எழுதினார்: தோலின் முதல் ஒன்பது அதிர்வு முறைகள் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்ற மடங்குகளில் ஐந்தே சுரங்களாக ஒன்றுகூடுகின்றன. தோலில் மணலைத் தூவி அது ஒதுங்கும் கோடுகளைப் பார்த்துக் கண்டது. பெயர் தெரியாத யாரோ மிருதங்கம் செய்பவர்கள் காதால் இதை எட்டிப் பிடித்திருந்தார்கள்.

வயலின் நம்மிடம் வந்தது 19-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில், பாலுசுவாமி தீட்சிதர் காலத்தில். முதலில் வீட்டுக் கூடங்களும் அரண்மனையும் போதுமாயிருந்தன. பிறகு சபாக்கள் வந்தன, டிக்கெட் வந்தது, கூட்டம் நூறிலிருந்து ஆயிரமானது. மைக் பரவுவதற்கு முந்தைய அந்த இடைவெளியில் பக்கவாத்தியக்காரர்தான் மாட்டிக்கொண்டார்; பாடகர் உச்சத்துக்குப் போய்க் கத்திவிடலாம், வயலின் என்ன செய்யும்? மைசூர் டி. சௌடய்யா (1895–1967) வழக்கமான நான்கு தந்திகளோடு மூன்று சேர்த்து ஏழு தந்தி வயலினைச் செய்துகொண்டது இதற்காகத்தான். ஒரு வில்லில் இரண்டு தந்தி ஒலிக்கும். இயற்பியல் இதற்குக் கொடுக்கும் கூலி கொஞ்சம் கஞ்சத்தனமானது. ஆற்றல் இரட்டித்தால் ஒலி கூடுவது 3 டெசிபெல். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற 10 வேண்டும், அதாவது பத்து வயலின்.

பெங்களூர் வயலிக்காவலில் 1980-ல் அவர் நினைவாக எழுந்த சௌடய்யா நினைவு மண்டபம் ஏழு தந்தி வயலின் வடிவத்திலேயே கட்டியது. ஆயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். சபீனின் கணக்கை அங்கேயும் போடலாம். கேட்பவர் 200-லிருந்து 1000 ஆகி, அறையின் சொந்த உறிஞ்சலும் அதே விகிதத்தில் கூடினால் மொத்த உறிஞ்சல் ஐந்து மடங்கு ஆகும்; அதே வயலினின் ஒலி அரங்கில் 7 டெசிபெல் இறங்கும். சௌடய்யா கூடுதல் தந்திகளால் சம்பாதித்தது அதிகபட்சம் 3. மிச்சம் நான்கை ஈடுகட்டத்தான் அந்த மேடையில் மைக் வைக்கிறார்கள்.